ஏழைகளின் சுவரும் என் நண்பனின் கோட்டும்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுத்து எனக்குச் சரிவராத வேலை. ஊரில் பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. இத்தாலிக்கு வந்து பலெர்மோவில் சேர்ந்த பள்ளிக்கூடத்தை நானே பாதியில் நிறுத்தினேன். இரண்டு பாதியைக் கூட்டினால் ஒன்று வரவேண்டும் என்று கணக்கு வாத்தியார் சொன்னது ஞாபகம் இருக்கிறது. என் விஷயத்தில் வரவில்லை.

இன்று மொண்டெல்லோவிலிருந்து திரும்பி வருகிற பஸ்ஸில், ஒருவனைத் திட்டி வாட்சப்பில் அடிக்கத் தொடங்கினேன். அடித்தது நீண்டுகொண்டே போனது. அனுப்பாமல் அழித்தேன். ஆனால் எரிச்சல் அழியவில்லை. அவனுக்குச் சொல்லி விளங்காததை வேறு யாருக்காவது சொல்லிப் பார்ப்போம் என்று இதைத் தொடங்குகிறேன்.

அவன் என் நண்பன். வீடு இல்லாதவன். இந்த இரண்டாவது வசனத்தைக் கண்டால் என்னோடு கதைப்பதை நிறுத்திவிடுவான். அதனால் அவன் பெயரை எழுதவில்லை. என் பெயரையும் விடுகிறேன். என்னைக் கண்டுபிடித்தால் அவனைப் பிடிப்பது லேசு.

சந்தைக்குப் பின்னால் ஓர் அறையில் இன்னும் மூன்று பெடியன்களோடு இருந்தான். வீட்டுக்காரர் நல்ல மனிதர். நாலு பேருக்கும் கோப்பி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அறையை விட்டு எழும்பச் சொன்னார். சுற்றுலா வருகிறவர்களுக்கு விடப்போகிறாராம். இப்போது அந்தக் கதவில், இலக்கம் அமுக்கித் திறக்கிற சாவிப்பெட்டி ஒன்று தொங்குகிறது. மற்ற மூவருக்கும் சொந்தக்காரர் இருந்தார்கள். இவனுக்கு நான் இருந்தேன். நான் இருப்பதோ அக்கா வீட்டு சோபாவில். அக்கா, அத்தான், பிள்ளைகள், ஒரு மீன்தொட்டி, நான். இவன் குசினித் தரையில் கொஞ்ச நாள் படுத்தான். ஒருநாள் காலை அக்காவின் சின்ன மகள் அவனைத் தாண்டிப் போய்ப் பால் எடுத்துவிட்டு, "மாமா, உங்கட கட்டில் எங்க?" என்று கேட்டாள். அன்றைக்கே உடுப்புகளைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

போன இடம் மொண்டெல்லோ, நகரத்துக்கு வெளியே இருக்கிற கடற்கரை. வெயில் காலத்தில் அங்கே ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை செய்கிறவன். குளிர் காலத்தில் கடை பூட்டு. கடைக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு ஸ்டோர். கடற்கரையில் விரிக்கிற மடக்குக் கட்டில்களையும் குடைகளையும் சீசன் முடிந்ததும் அதற்குள் அடுக்கிவிடுவார்கள். இடைக்கிடை போய்ப் பார்த்துக்கொள் என்று முதலாளி ஸ்டோரின் திறப்பை இவனிடம் கொடுத்திருந்தார். இவன் போய்ப் பார்க்கவில்லை, போய்ப் படுத்துவிட்டான். முதலாளிக்குத் தெரியுமா என்றால், அவர் கேட்கவில்லை, இவன் சொல்லவில்லை. சீசன் தொடங்கினால் கட்டில்கள் மணலுக்குப் போகும், வேலைக்காரர் விடியவே ஸ்டோருக்குள் வந்துவிடுவார்கள். அதற்கு முன் ஓர் இடம் பிடிக்க வேண்டும். என் நண்பனுக்கு இருந்த பிரச்சினை அவ்வளவுதான். மிச்சப் பிரச்சினையை எல்லாம் அவனே செய்தான்.

ஒருமுறை அங்கே போய்ப் பார்த்தேன். வெளியே மணல் கழுவுகிற குழாயில்தான் குளிப்பு. உள்ளே கட்டில் மேல் கட்டிலாக அடுக்கியதில் நடுவில் ஒன்றை இழுத்து விரித்திருந்தான். எல்லாம் உப்பு ஈரம். ஆனால் உச்சியில் ஓர் ஆணி அடித்து, அதில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கோட்டு தொங்கியது. தங்கச்சியின் கலியாணத்துக்கு எடுத்த கோட்டு. கலியாணத்துக்கு அவன் போகவில்லை. போனில் பார்த்தான். இடுப்புக்கு மேலே கோட்டும் டையும், கீழே சாரம். போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். கொஞ்சம் சரித்துப் பிடித்துச் சாரத்தைக் காட்டட்டுமா என்று கேட்டதற்கு, தாலி கட்டுகிற நேரத்தில் என்னைக் காலால் உதைத்தவன்.

இனி சின்யோராவின் கதை. நான் நகரத்துக்குள், கால்சாவில் ஒரு பழைய பெரிய வீட்டில் வேலை செய்கிறேன். தனியாக இருக்கிற வயதான வீட்டுக்கார அம்மா, இத்தாலியனில் சின்யோரா. கூட்டுவேன், துடைப்பேன், கடைச் சாமான் தூக்குவேன், பகிடி விடுவேன். கடைசி வேலைக்குச் சம்பளம் இல்லை, ஆனால் அதற்காகத்தான் என்னை வைத்திருக்கிறா என்று நினைக்கிறேன். காலமான அவவின் கணவர் பழைய படங்கள் சேர்த்தவர். மற்றவர்கள் மலை, பூ, ராணி என்று சேர்க்க, அவர் பிச்சைக்காரர்களைச் சேர்த்திருக்கிறார். அந்தக் காலத்து ஏழைகள். லண்டன், நாப்போலி, இந்த ஊர். போன குளிருக்கு, கீழே குதிரை கட்டின மண்டபத்தில் அந்தப் படங்களைக் கண்காட்சியாக வைக்கப்போகிறேன் என்று சின்யோரா தொடங்கினா. ஏணியில் ஏறி ஆணி அடித்தது நான்.

ஒரு படத்தில் நீள நீளமான மேசைகள். ஒரே மாதிரித் தொப்பி போட்ட கிழவிகள், எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தபடி, முன்னால் இருக்கிறவவின் முதுகைப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள்.

"சின்யோரா, இவர்களுக்குச் சோதனை நடக்கிறதா? பார்த்து எழுதாமல் இருக்கவா இப்படி?" என்று கேட்டேன்.

சின்யோரா சிரிக்கவில்லை. வேறு வழியில்லாத ஏழைகள் போய்ச் சேருகிற இல்லமாம் அது. வாசலிலேயே புருஷனை ஒரு பக்கம், மனைவியை ஒரு பக்கம், பிள்ளைகளை ஒரு பக்கம் பிரித்துவிடுவார்களாம். கல்லுடைத்து, பழைய கயிறு பிரித்து, அதற்குத்தான் சாப்பாடு. வசதியாக வைத்தால் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று வேண்டுமென்றே மோசமாக வைத்திருந்தார்களாம். இன்னொரு படத்தில் ஆம்பிளைகள் வாங்குப் பலகையில் வரிசையாக இருந்து, முன்னால் கட்டின கயிற்றில் கையைப் போட்டுத் தொங்கியபடி நித்திரை. ஆகஸ்ட் மாத மொண்டெல்லோ பஸ் என்றேன். அதற்கு மட்டும் கொஞ்சம் சிரித்தா. அடுத்தது பெட்டி பெட்டியாகப் படுக்கை, சவப்பெட்டிக்கு மூடி போட மறந்தது மாதிரி. இந்த ஊர்ப் படம் ஒன்றில், ஒரு வளைவுக்குக் கீழே குடும்பம், கோழி, கழுதை, சட்டி. அந்த வளைவு இப்பவும் அடுத்த தெருவில் இருக்கிறது. என் ஸ்கூட்டரை அங்கேதான் விடுகிறேன்.

எல்லாப் படத்துக்கும் கீழே ஒரே எழுத்து. ஏழை மனிதர், பெயர் தெரியாது. ஏழைப் பெண், பெயர் தெரியாது. கழுதைக்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

கடைசிச் சுவர் வெறுமையாக இருந்தது. "இங்கே இன்றைய ஆட்கள்," என்றா சின்யோரா. இந்த நகரத்தில் இப்போது வீடில்லாமல் இருக்கிறவர்களைப் படமெடுத்து அந்தச் சுவரில் வைக்க வேண்டும். படமெடுக்க ஒரு மாணவனைப் பிடித்துவிட்டா. பிறகு சொன்னதுதான் முக்கியம். வாசல் கேற்றோடு ஒட்டி ஒரு காவல்காரன் அறை இருக்கிறது. காவல்காரன் செத்து எத்தனையோ வருஷம், உள்ளே உடைந்த கதிரைகள். ஜன்னல் உண்டு, தண்ணீர் உண்டு, கக்கூஸ் உண்டு. "இந்தச் சுவரில் வருகிற ஒருவருக்கு அதைக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறேன். கேற்றைத் திறந்து பூட்டினால் போதும். உண்மையாகவே தேவையான ஆளாக இருக்க வேண்டும். உனக்கு யாரையாவது தெரியுமா?"

ஏணியிலிருந்து விழப் பார்த்தேன்.

அன்று பின்னேரமே அவனைப் பிடித்துச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. படம், சுவர், அறை, சின்யோரா, எல்லாம்.

"ஞாயிற்றுக்கிழமை வா. இருக்கிற மாதிரியே வா."

"ஓம்."

"ஸ்டோருக்குள்ளை எப்பிடி இருக்கிறியோ, அப்பிடியே வா. விளங்குதோ?"

"ஓமெண்டு சொல்லிட்டனெல்லோ. ஏன்ரா ஆக்கினைப்படுத்திறாய்?"

ஞாயிற்றுக்கிழமை நான் கேற்றில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். துறைமுகப் பக்கமிருந்து ஒரு மாப்பிள்ளை நடந்து வந்தார். நீலக் கோட்டு. டை. முகம் தெரிகிற மாதிரி மினுக்கின சப்பாத்து. தலைமயிரைச் சந்தையடியில் வெட்டி, எண்ணெய் வைத்து இழுத்து, நெற்றியில் சந்தனப் பொட்டு. கையில், ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் விருந்துக்குப் போகிற எல்லாரும் தூக்குகிற, ரிப்பன் கட்டின பலகாரத் தட்டு.

எங்கள் ஆட்களுக்குப் படம் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். படம் எடுத்தவனோடு நிற்காது. ஊருக்குப் போகும், கனடாவுக்குப் போகும், பெண் வீட்டுக்குப் போகும், செத்த பிறகு மாலை போட்டுச் சுவரில் ஏறும். பாஸ்போர்ட் படத்துக்கே பவுடர் பூசுகிற ஆட்கள் நாங்கள். அவனிடம் நான் "படம்" என்ற சொல்லையே எடுத்திருக்கக்கூடாது.

"என்னடா இது?"

"என்ன?"

"இருக்கிற மாதிரியே வா எண்டு சொன்னனான்."

"இருக்கிற கோட்டைத்தானே போட்டுட்டு வந்தனான். கடன் வாங்கினனானோ?"

"வீடில்லாத ஆக்களைத் தேடுகினம் மச்சான். உன்னைப் பாத்தா நீ வீடு விக்க வந்த ஆள் மாதிரிக் கிடக்கு."

அவன் ஒரு முட்டாளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான். "வீடு கேக்கப் போறவன் வீடில்லாதவன் மாதிரிப் போனா ஆர்ரா குடுப்பினம்? நீ குடுப்பியே?"

"அப்ப இந்தத் தட்டு?"

"முதல்முதல் ஒரு வீட்டுக்குப் போறன். வெறுங்கையோடையோ போறது?"

உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். பைகளோடும் நாயோடும் ஒரு சிசிலிக் கிழவர். ஒரு சின்ன மகளோடு ஒரு பெண். படமெடுக்கிற மாணவன் இவனைக் கண்டதும் எழும்பிக் கை கொடுத்து, கண்காட்சிக்கு வந்த விருந்தாளியா என்று கேட்டான். இல்லை, இவன்தான் ஆள் என்றேன். மாணவனுடைய முகம் தொங்கிவிட்டது.

"கோட்டைக் கழற்ற முடியுமா என்று கேள். படியில் இருந்து, தலையைக் குனிந்து கீழே பார்க்கட்டும்."

தமிழில் சொன்னேன்.

"கீழை என்ன கிடக்கு பாக்க?" என்றான் நண்பன்.

"ஒண்டும் இல்லை. சும்மா பாரன்."

"ஒண்டும் இல்லாததை ஏன் பாக்கிறது? நான் நிமிந்துதான் நிப்பன்."

மாணவன் என்ன பதில் என்று கேட்டான். எங்கள் சமயத்தில் சந்தனம் வைத்த ஆள் குனியக்கூடாது என்றேன். அவன் மரியாதையோடு தலையாட்டி, தலைமயிரைக் கொஞ்சம் குழப்பலாமா என்று கேட்டான். அதுவும் சமயத்தில் இல்லை என்றேன். அன்று பின்னேரம் நான் எங்கள் சமயத்துக்கு எத்தனை விதி சேர்த்தேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் இவன் தானே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அதன் முதுகில் ஒரு கையை வைத்து, மற்றக் கையால் கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நின்றான். கலியாணப் படத்தில் மாப்பிள்ளை நிற்கிற நிலை. பக்கத்தில் பெண் மட்டும் இல்லை. மாணவன் பெருமூச்சு விட்டுவிட்டு எடுத்தான்.

அப்போதுதான் சின்யோரா மேலிருந்து இறங்கி வந்தா. பலகாரத் தட்டை வாங்கியதும் முகம் மலர்ந்துவிட்டது. "எவ்வளவு நல்ல பிள்ளை. உன் நண்பரா? எங்கே வேலை, வங்கியிலா?"

இதுதான் தருணம் என்று நினைத்தேன். "சின்யோரா, நான் சொன்ன ஆள் இவன்தான். இவனுக்கு வீடு இல்லை. மொண்டெல்லோவில் ஒரு ஸ்டோருக்குள், கடற்கரைக் கட்டில்களுக்கு நடுவில் படுக்கிறான்."

குசினியில் பழகின இத்தாலியனில் என் நண்பன் சிரித்தபடி சொன்னான். "இவன் பகிடி விடுகிறான் சின்யோரா. நான் மொண்டெல்லோவில் இருக்கிறேன். கடலுக்குப் பக்கத்தில்."

"ஆ, கடலுக்குப் பக்கத்திலா. எவ்வளவு அருமை," என்றா சின்யோரா. என் கன்னத்தில் செல்லமாகத் தட்டினா. "நீயும் உன் பகிடியும்."

சத்தியமாகச் சொல்கிறேன், சின்யோரா. அவனுக்கு ஆணியில்தான் உடுப்பு, குழாயடியில்தான் குளிப்பு, நாளைக்கே வாருங்கள் காட்டுகிறேன் என்றேன். சொல்லச் சொல்ல அவவுக்குச் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. இத்தனை காலமும் வாயைத் திறந்தால் பகிடி. இப்போது உண்மையும் அதே வாயால்தான் வருகிறது, யார் நம்புவார்கள்? நாய் வைத்திருந்த கிழவர்கூடச் சிரித்தார்.

அறை அந்தப் பெண்ணுக்கும் மகளுக்கும் போனது. உடைந்த கதிரைகளைத் தூக்கி வெளியே போட்டது நான். அந்தக் குழந்தை ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, இந்த ஜன்னல் எங்களுடையதா என்று தாயிடம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்களோடு கோபிக்கவும் வழியில்லை. மிச்சம் இருந்தவன் அவன் ஒருவன்தான். கடற்கரைப் புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினேன்.

"சின்யோரா கேக்கேக்கை ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னா உன்ரை வாய் வெந்து போமோ?"

"அத்தனை பேருக்கு முன்னாலை சொல்லச் சொல்லுறியோ?"

"அத்தனை பேரும் வீடில்லாத ஆக்கள்தானேடா."

"அதுதான். அவையைப் பாத்தனியே? அந்தக் கிழவர் நாயைத் தடவிக்கொண்டு சொன்னார், நான் இஞ்சை சும்மா நாயோடை உலாத்த வந்தனான் எண்டு. அவருக்கு ஒரு கதை, எனக்கு ஒரு கதை."

"கதையைக் கொண்டுபோய் ஸ்டோருக்குள்ளை போர்த்துக்கொண்டு படு."

கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டான். பிறகு, "நான் நிண்ட இடத்துக்கு நேரை ஒரு படம் இருந்தது. சூப்புக்கு வரிசையிலை நிக்கிற ஆக்கள். அதிலை ஒருத்தன் தலையை நனைச்சு, வகிடு எடுத்து நிக்கிறான். சட்டைக்குப் பொத்தான் இல்லை. நூலாலை கட்டியிருக்கிறான், கழுத்து வரைக்கும்."

"அதுக்கு?"

"படம் எடுக்கப் போறாங்கள் எண்டு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"வகிடு எடுத்ததுக்கு அவனுக்கு ரூம் குடுத்தவையோ? கீழை என்ன எழுதியிருக்கு பாத்தனியே? ஏழை மனிதர், பெயர் தெரியாது. நூறு வருஷத்துக்கு மேலை அந்தச் சுவரிலை ஏழைதான்."

"ஓம். அதுதான் நானும் சொல்லுறன்."

இப்படி ஒரு பக்கம் நான் இழுக்க, அதே கயிற்றை அவனும் இழுக்கிறான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. உன்ரை படத்தை ஆர் தேடி வந்து பாக்கப் போகினம் என்று கத்தினேன். அப்போது அவன் என்னுடைய கதை ஒன்றை எடுத்தான். சின்ன வயதில் நாங்கள் அகதி முகாமில் இருந்தபோது வெளிநாட்டுக்காரர் கமராவோடு வருவார்கள். சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கிற என்னை அம்மா இழுத்து, எச்சில் தொட்டு மூக்கைத் துடைத்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் தலையை நனைத்து வாரி, திரும்ப வரிசையில் விடுவா. அதற்குள் நான் கடைசி ஆளாகிவிடுவேன், பருப்பு முடிந்துவிடும். சிரிக்க வைக்க எத்தனையோ பேருக்கு நான் சொன்ன கதை அது.

"உன்ரை அம்மா ஏன் அப்பிடிச் செய்தவ?" என்று கேட்டான்.

"அவவுக்குப் பைத்தியம்," என்றேன்.

பஸ் வந்தது, அவன் ஏறிப் போனான். இப்பவும் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குப் பருப்புதான் தேவைப்பட்டது. வகிடு இல்லை.

படத்துக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கடைசிச் சுவரில் அவன் படம் வரவில்லை. மற்றப் படங்களோடு பொருந்தவில்லை என்று மாணவன் விலக்கிவிட்டான். ஆனால் சின்யோராவுக்கு அந்தப் படம் நன்றாகப் பிடித்துவிட்டது. வெள்ளிச் சட்டம் போட்டு, மேல் வீட்டில் பியானோவுக்கு மேல், தன் சொந்தக்காரர்களின் படங்களுக்கு நடுவில் வைத்திருக்கிறா. வருகிறவர்கள் யார் இந்த வடிவான பிள்ளை என்று கேட்பார்கள். கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு நல்ல பையன் என்பா. வாராவாரம் அதைத் தூசி தட்டுகிறது நான். அந்த வீட்டில் அவனுடைய படத்துக்கு இடம் கிடைத்துவிட்டது.

அதே படம் ஊருக்கும் போனது. அவனுடைய அம்மா அதைக் கலியாணத் தரகரிடம் கொடுத்திருக்கிறா. பெண் வீட்டார் கேட்டார்களாம், மாப்பிள்ளைக்கு அங்கே சொந்த வீடா வாடகை வீடா என்று. கடலுக்குப் பக்கத்தில் என்று இவன் பதில் அனுப்பியிருக்கிறான்.

இப்போது இன்றைய விஷயம். கேற்றடி அறையில் இருந்த பெண்ணுக்கு கத்தானியாவில் வேலை கிடைத்து, மகளோடு போகிறா. அறை திரும்பக் காலி. காலையில் சின்யோரா சொன்னவுடன் நான் தும்புத்தடியைக் கீழே வைத்துவிட்டு, பியானோவிலிருந்து படத்தை எடுத்து அவவின் கையில் கொடுத்து, சிரிக்காமல் சொன்னேன். இந்த ஆளுக்கு வீடு இல்லை. சின்யோரா வழக்கம் போலச் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினா. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. "அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை வந்து அவன் வாயால் சொல்லட்டும். அதற்குப் பிறகு வேறு ஆளைப் பார்ப்பேன்," என்றா.

வேலையை அரையும் குறையுமாக முடித்துவிட்டு மொண்டெல்லோவுக்குப் பஸ் ஏறினேன். ஸ்டோர் திறந்து கிடந்தது. கட்டில்களை வெளியே எடுத்துக் கழுவி, வெயிலில் காயப் போட்டிருந்தார்கள். இரண்டு பேர் அவற்றுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். உச்சி ஆணியில் ஒன்றும் இல்லை. அவனைக் காணவில்லை. போனும் எடுக்கவில்லை.

அதனால்தான் பஸ்ஸில் இருந்து திட்டித் திட்டி அடித்தது. அதை அழித்துவிட்டு, நான் இறங்குகிற பொலிதேயாமா தரிப்பிடம் வரப்போகிற நேரத்தில் சின்னதாக ஒன்றை அனுப்பினேன். "மச்சான், கேற்றடி ரூம் திரும்பக் காலி. ஞாயிற்றுக்கிழமை வந்து சின்யோராவுக்கு உன்ரை வாயாலை உண்மையைச் சொல்லு. அதுதான் கடைசி நாள். சாரத்தோடை வந்தாலும் பரவாயில்லை."

நான் இறங்குவதற்குள் பதில் வந்துவிட்டது.

"கோட்டு தோய்க்கக் குடுத்திட்டன் மச்சான், அடுத்த ஞாயிறு பாப்பம்."